பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே’ என்று ஒரு பழமொழி உண்டு. அதன் மறுபாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்குகிற மாடாக இருந்தால் அவசியம் பல்லைப் பிடித்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் அது! சந்தைக்குப் போகிற நம் குடியானவர் இதில் பலே கெட்டிக்காரர். பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

அவருடைய பேரன் படித்துப் பட்டம் வாங்கி, லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நாலு காசு சேர்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க ஆசை வருகிறது. போகிறான், பார்க்கிறான். என்ன பார்க்கிறான்? பெயிண்டைப் பார்க்கிறான், ஸீட்டைத் தடவிப் பார்க்கிறான், விலையைப் பார்த்து வாயைப் பிளக்கிறான். தாத்தா பார்த்த பல்லை மட்டும் பார்க்காமல் பணத்தை நீட்டிவிடுகிறான்!

உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தக் கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சல்லிசான விலை

மஸ்தா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. ‘ஸ்வராஜ் மஸ்தா’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வேன்களும் சின்ன லாரிகளும் நம் சாலைகளில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானில் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது மஸ்தா கம்பெனி. 2003 முதல் 2012 வரை அது ‘ஆர்.எக்ஸ்.-8’ என்ற ஸ்போர்ட்ஸ் காரைத் தயாரித்தது. பார்வைக்கு இரண்டே கதவுகள் கொண்ட கார்தான். ஆனால் முன் கதவைத் திறந்தால், அதன் பின்னால் இன்னொரு சின்னக் கதவு எதிர்ப் பக்கமாகத் திறக்கும், அலமாரியின் இரண்டு கதவுகளையும் விரித்து வைத்தாற்போல! ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனாலும் நான்கு பேர் உட்காரலாம்.

இங்கிலாந்தில் புதிதாக வந்தபோது இதன் விலை 20,000 பவுனுக்கு மேல். இன்று பழைய கார்ச் சந்தையில் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கிடைக்கிறது. இருபதாயிரத்துச் சாமானை யாராவது சும்மா இரண்டாயிரத்துக்குக் கொடுப்பார்களா? மாட்டார்கள். காரணம் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது.

ஆறு பட்டைகளின் கதை

சாதாரணக் கார் இஞ்சினில், உரலில் உலக்கை போவது போலப் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருகின்றன. ஆர்.எக்ஸ்.-8 காரில் பிஸ்டனே கிடையாது! நடுவில் இடுப்பு சற்றே ஒடுங்கிய ஒரு நீள்வட்ட அறை. அதற்குள், பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுழல்கிறது. அதற்கு ‘ரோட்டர்’ என்று பெயர். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் அறையை மூன்றாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பக்கமும் தன் முறை வரும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை இழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியே தள்ளுகிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் நடுவிலுள்ள தண்டு மூன்று முறை சுற்றிவிடுகிறது.

இந்தக் காரில் இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றும் 654 சி.சி.; ஆக மொத்தம் 1,308 சி.சி. ஒரு சின்னக் குடும்பக் காரின் அளவுதான். ஆனால் சக்தி மிகுந்த மாடலில் 231 குதிரை சக்தி கிடைக்கிறது. தண்டு நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுற்றுகிறது. குலுக்கல் கிடையாது, பட்டுத் துணியை இழுத்தாற்போல ஓட்டம். 2003ஆம் ஆண்டின் சிறந்த இஞ்சின் என்று சர்வதேசப் பரிசும் இதற்குக் கிடைத்தது.

இவ்வளவு பெருமையும் ஆறு மெல்லிய பட்டைகளை நம்பி இருக்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் முனைக்கு ஒன்றாக உலோகப் பட்டை பதித்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் ‘ஏபெக்ஸ் ஸீல்’ என்பார்கள். அறைச் சுவரை ஓயாமல் உரசிக்கொண்டே, ஒரு பக்கத்து அழுத்தம் அடுத்த பக்கத்துக்குக் கசியாமல் காப்பது இவற்றின் வேலை. பட்டை தேய்ந்தால் அழுத்தம் போச்சு. அழுத்தம் போனால் இஞ்சினே போச்சு!

இந்த வியாதி நேற்று வந்ததல்ல, பரம்பரை வியாதி. இந்த இஞ்சினைக் கற்பனை செய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கெல். இஞ்சினீயரிங் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. கிட்டப் பார்வை காரணமாகக் கார் ஓட்டும் லைசென்ஸும் வாங்காதவர்! 1957ல் என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் கம்பெனியில் இவருடைய இஞ்சின் முதன்முதலாக ஓடியது. பத்து வருஷம் கழித்து, 1967ல், அந்தக் கம்பெனி ‘ஆர்.ஓ.-80’ என்ற அழகான காரை வெளியிட்டது. ஐரோப்பா முழுவதும் புகழ்ந்தது. ஆனால் ஆரம்ப இஞ்சின்களில் பட்டைகள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி தன் செலவில் இஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே களைத்துப் போயிற்று. 1969ல் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஆர்.ஓ.-80 ஓட்டுகிறவர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் ஒருவருக்கொருவர் விரல்களை உயர்த்திக் காட்டுவார்களாம். வணக்கம் அல்ல, இது எத்தனையாவது இஞ்சின் என்ற கணக்கு!

1961ல் என்.எஸ்.யு.வுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட மஸ்தாவும் இதே சுவரில்தான் முட்டிக்கொண்டது. சோதனை இஞ்சின்களைப் பிரித்தால் அறைச் சுவரெல்லாம் வரி வரியாகக் கீறல்கள். ‘பிசாசின் நகக்கீறல்’ என்று ஜப்பானியர் அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ என்ற இஞ்சினீயரின் தலைமையில் ஒரு கோஷ்டி இராப்பகலாகப் பாடுபட்டது. மொத்தம் 47 பேர். ஜப்பானியக் கதைகளில் வரும் 47 வீரர்களோடு அவர்களை ஒப்பிட்டுப் பேசுவார்கள். கடைசியில் கரியும் அலுமினியமும் சேர்த்துச் செய்த பட்டை பிசாசை ஓட்டியது. 1967ல் ‘காஸ்மோ ஸ்போர்ட்’ கார் வெளிவந்தது. 1991ல், 24 மணி நேரம் விடாமல் ஓடும் லெ மான் பந்தயத்தில் மஸ்தாவின் ரோட்டரி கார் முதலாவதாக வந்தது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை.

பிசாசு ஓடியது; ஆனால் ஊரை விட்டு ஓடவில்லை! ஆர்.எக்ஸ்.-8 காரின் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு, அமெரிக்காவில் இஞ்சினின் உறுதிமொழிக் காலத்தை 8 வருஷம் அல்லது 1,00,000 மைல் என்று மஸ்தா நீட்டித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கெடுவும் முடிந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. இனி ரிப்பேர் என்றால் உங்கள் பர்ஸ்தான்.

முந்தைய எஜமானர் எப்படி?

பட்டைகள் தேயாமலிருக்க, இஞ்சின் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை அறைக்குள் செலுத்திக்கொள்கிறது. அந்த ஆயில் எரிந்து போகும். ஆக, இந்தக் காரில் ஆயில் குறைவது வியாதி அல்ல, சுபாவம். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவையாவது ஆயில் அளவைப் பார்க்கவேண்டும். இது தெரியாமல், அடுத்த ஸர்வீஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவரின் கார் உங்களிடம் வந்தால், அவருடைய அசிரத்தையையும் சேர்த்து விலைக்கு வாங்குகிறீர்கள்.

இன்னொன்று: குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி, காரை நாலு அடி நகர்த்தி, உடனே நிறுத்தினால் அறைக்குள் பெட்ரோல் தேங்கிவிடும். மறுபடி கிளம்பாமல் சண்டித்தனம் செய்யும். மூன்றாவது, பொறி கொடுக்கும் காயில்கள். இவை பலவீனப்பட்டால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், அங்கே புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தைக் கெடுத்து அடைத்துவிடும். அடைப்பினால் சூடு ஏறும்; சூடு ஏறினால் பட்டைகளுக்கு ஆபத்து. சின்னச் செலவைத் தள்ளிப்போட்டவர் பெரிய செலவை உங்களுக்கு விட்டுப்போகிறார்.

ஆகையால், விற்பவர் ‘ஒரு குறையும் இல்லை’ என்று சத்தியம் செய்வதைக் காட்டிலும், காயிலும் ஸ்பார்க் பிளக்கும் ஆயிலும் வாங்கிய பழைய ரசீதுகள் அதிக உண்மை பேசும். 2009 மாடலிலிருந்து ஆயில் செலுத்தும் ஏற்பாட்டைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் பிந்திய மாடலே மேல்.

பல் பார்க்கும் முறை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தேய்ந்த பட்டைகள் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெரும்பாலும் காட்டிக்கொடுப்பதில்லை. சூடான பிறகுதான் குட்டு வெளிப்படும். எனவே காரை இருபது நிமிஷம் நன்றாக ஓட்டுங்கள். நிறுத்துங்கள். ஐந்து பத்து நிமிஷம் பொறுத்து, சாவியைத் திருப்புங்கள். ஓரிரு விநாடியில் கிளம்பினால் நல்ல சகுனம். ‘கிர் கிர்’ என்று இழுத்துக்கொண்டே இருந்தால் நமஸ்காரம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாகச் சுற்றும் புது ஸ்டார்ட்டர் மோட்டாரை மாட்டினால், பலவீனமான இஞ்சினும் சூட்டில் கிளம்பிவிடும். ஸ்டார்ட்டர் அண்மையில் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியது குற்றமல்ல, ஏன் மாற்றினார்கள் என்பதே கேள்வி.

முடிவான பரீட்சை அழுத்தச் சோதனை. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சாதாரண மெக்கானிக்கிடம் இருக்கும் அழுத்தமானி, ஒரு ரோட்டரின் மூன்று பக்கங்களில் எது பலமானதோ அதை மட்டுமே காட்டும். இரண்டு பக்கம் நல்ல நிலையில் இல்லாவிட்டாலும் முள் கம்பீரமாக நிற்கும்! ரோட்டரி இஞ்சினுக்கென்றே தனி மானி இருக்கிறது. அது இரண்டு ரோட்டர்களின் ஆறு பக்கங்களுக்கும் தனித் தனியாக ஆறு எண்கள் கொடுக்கும். தண்டு நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும் கணக்கில், ஒவ்வொன்றும் 680 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமும் இருக்கக் கூடாது. அந்த மானி வைத்திருக்கும் ரோட்டரி மெக்கானிக்கைத் தேடிப் பிடியுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி, நீங்கள் செலவழிக்கப்போவதிலேயே மிகவும் லாபமான செலவு. ‘சோதனையெல்லாம் எதற்கு?’ என்று விற்பவர் தடுத்தால், உங்களுக்குக் கூலிகூட மிச்சம், பதில் கிடைத்துவிட்டது!

யார் வாங்கலாம்?

இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு பல சமயம் காரின் விலையையே தாண்டிவிடும். ஆகையால் ஒரு கணக்குப் போடுங்கள். காரின் விலையோடு இஞ்சின் செலவையும் கூட்டுங்கள். அந்த மொத்தத் தொகை கையில் இருந்து, அது போனாலும் வீட்டு வாடகையும் குழந்தையின் படிப்பும் தடைப்படாது என்றால் தாராளமாக வாங்கலாம். காரின் விலை மட்டுமே கையில் இருப்பவருக்கு இந்தக் கார் மலிவானதல்ல.

வீட்டுக்கு அது ஒன்றே கார் என்றாலும் யோசியுங்கள். தினம் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் குட்டிக் குட்டிப் பயணம் போவதுதான் இந்த இஞ்சினுக்கு ஆகாத பத்தியம். பெட்ரோலும் லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தினசரி வேலைக்கு வேறு கார் இருந்து, வார இறுதியில் நீண்ட தூரம் ஓட்டி ஆனந்தப்படுகிறவருக்கு, ஆயில் பார்க்கச் சோம்பல் படாதவருக்கு, இந்த விலையில் இப்படிப்பட்ட ஓட்டம் வேறு காரில் கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு வார்த்தை. இருபது நிமிஷம் ஓட்டிவிட்டுக் காரை நிறுத்தியதும் விற்பவர், ‘உள்ளே வாருங்கள், நிதானமாக ஒரு டீ சாப்பிட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம்’ என்று அன்போடு உபசரிக்கக்கூடும். மறுக்காதீர்கள்; மரியாதையாக இருக்காது. ஆனால் இஞ்சின் ஆறுவதற்கு முன் சாவியை ஒரு தடவை திருப்பிவிட்டு, அப்புறம் டீ சாப்பிடப் போங்கள்!