முதலில் நிறுத்துவது யார்?



கொரியாவின் எல்லையில் தெசொங்டொங் என்றொரு சிற்றூர் உண்டு. 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது, வடகொரியாவுக்கும் தென்கொரியாவுக்கும் இடையே 4 கிலோமீட்டர் அகலத்தில் படைவிலக்கப் பகுதி ஒன்று வகுக்கப்பட்டது. அதன் தென்பாதியில் பொதுமக்கள் வாழும் ஒரே ஊர் இதுதான். சமாதான உடன்படிக்கையோ இன்னும் ஏற்படவில்லை.

இங்கே இருநூறுக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். நெல் விவசாயமே முக்கியத் தொழில். இவர்களுக்கு வரி இல்லை, கட்டாய இராணுவ சேவையும் இல்லை. ஆனால் இரவில் வீட்டைவிட்டு வெளியே நடமாட முடியாது. வயலுக்குப் போனாலும் படைவீரர்கள் காவலுக்கு வருவார்கள்.

எதிரே, 2 கிலோமீட்டருக்குள், வடகொரியாவின் கிஜொங்டொங் கிராமம். 1980-களில் தென்புறத்தில் சுமார் 100 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் எழுந்தது. வடபுறத்தில் அதை விஞ்ச 160 மீட்டர் கம்பம் எழுந்தது!

2024-இல் ஒலிபெருக்கிப் போட்டி மீண்டும் தொடங்கியது. தெற்கிலிருந்து பிரச்சாரமும் பாடல்களும். வடக்கிலிருந்து விலங்குகளின் ஊளையும் உலோகம் உரசும் ஓசையும். இடையில் வாழ்ந்த விவசாயிகள் மாதக்கணக்கில் உறக்கம் இழந்தார்கள். 2025 ஜூன் 11 அன்று தென்கொரியா தானாக முன்வந்து தன் ஒலிபரப்பை நிறுத்தியது. மறுநாளே வடக்கின் இரைச்சலும் நின்றது. பகை தீர்ந்துவிடவில்லை, ஆனால் மக்கள் உறங்கினார்கள்.

இந்த ஊர் அமைந்துள்ள பாஜு நகரில், 2013-இல் கத்தோலிக்கத் திருச்சபை ஓர் ஆலயத்தை அர்ச்சித்தது. அதற்கு வெற்றியின் பெயரைச் சூட்டவில்லை. மனவருத்தம், பாவப்பரிகாரம் என்ற பெயரையே சூட்டியது. எதிரியின் குற்றத்தைச் சொல்லும்முன் தன் குற்றத்தை ஏற்பதே ஒப்புரவின் தொடக்கம் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது. 2014 ஆகஸ்ட் 18 அன்று சியோல் மியொங்டொங் பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றிய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், பேதுருவின் கேள்விக்கு இயேசு தந்த பதிலையே கொரிய மக்கள் முன் வைத்தார்: மன்னிப்புக்குக் கணக்கு வைக்கக் கூடாது.

அன்பானவர்களே, நம் வீடுகளிலும் இத்தகைய எல்லைக்கோடுகள் உண்டு. பங்குப் பிரிவினையில் பேச்சை நிறுத்திய சகோதரர்கள், ஒரே ஆலயத்தில் முகம் திருப்பி அமரும் உறவினர்கள் எத்தனை பேர்! "அவன் முதலில் வரட்டும்" என்கிறோம். நம் சண்டையின் இரைச்சலில் உறக்கம் இழப்பது நம் பிள்ளைகளே.

இன்று நாம் நிறுத்த வேண்டிய ஒலிபெருக்கி எது? சிந்திப்போம். முதல் அடியை நாமே எடுத்து வைக்க இறையருள் வேண்டுவோம்.