காணாமல் போன பந்தயம்

ஒரு நாட்டின் பெயரையே சுமந்த சைக்கிள் பந்தயம் பத்து ஆண்டுகள் காணாமல் போகுமா?

போயிருக்கிறது. ஜெர்மனியில் நகரம் நகரமாகப் பல நாள் ஓடும் 'டாய்ச்லாந்து டூர்' ('டாய்ச்லாந்து' என்றால் ஜெர்மனி) 2008-க்குப் பிறகு நின்றுபோனது. ஊக்கமருந்து விவகாரங்களால் ஜெர்மானியர்களுக்குச் சைக்கிள் பந்தயம் என்றாலே கசந்துபோயிருந்த நேரம் அது.

மீண்டும் சக்கரம் சுழன்றது 2018 ஆகஸ்டில். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸை வென்ற கெரெய்ன்ட் தாமஸே களத்தில் இறங்கினார் என்றால் பாருங்களேன்! கடைசி நாள் ஓட்டம் புறப்பட்ட ஊர், டார்ம்ஸ்டாட்டுக்குத் தெற்கே இருக்கும் லோர்ஷ். சிவப்பும் வெள்ளையுமாகக் கற்கள் பதித்த, ஆயிரம் ஆண்டுகளுக்கும் பழமையான மடாலய வாயில் மண்டபத்துக்குப் பேர்போன சிற்றூர். அங்கிருந்து ஸ்டுட்கார்ட் வரை ஒரே மிதி!

ஸ்டுட்கார்ட்டில் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் உள்நாட்டு வீரர் நில்ஸ் பொலிட். ஆனால் கோப்பை அவருக்கு இல்லை. இந்தப் பந்தயத்தில் எல்லா நாள் நேரத்தையும் கூட்டித்தான் கணக்கு. முந்தைய நாள் மெர்சிக் நகரில் வென்றிருந்த ஸ்லோவேனிய வீரர் மத்தேய் மொஹோரிச் கோப்பையைத் தட்டிச் சென்றார். மொத்தக் கணக்கில் பொலிட்டுக்கு இரண்டாம் இடம்.