மட்சா

மட்சா என்பது நிழலில் வளர்க்கப்பட்ட தேயிலையை ஆவியில் அவித்து, உலர்த்தி, கல் திருகையில் அரைத்துப் பெறப்படும் மிக நுண்ணிய பச்சைத் தூள் ஆகும். சப்பானியத் தேநீர்ச் சடங்கில் இதுவே பயன்படுத்தப்படுகின்றது. நீலகிரியிலும் இலங்கையிலும் விளையும் தேயிலையும் மட்சாவும் கமேலியா சினென்சிசு என்னும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. வளர்க்கும் முறையும் பதப்படுத்தும் முறையுமே வேறுபடுகின்றன. வழக்கமான தேநீரில் தூள் வடிகட்டி நீக்கப்படுகின்றது. மட்சாவில் தூள் முழுவதும் நீருடன் சேர்த்தே பருகப்படுகின்றது.

பெயர்

சப்பானிய மொழியில் இப்பெயர் "பொடித்த தேயிலை" எனப் பொருள்படும். இதில் உள்ள "சா" என்னும் பகுதி தேயிலையைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் சில இடங்களில் வழங்கும் "சாயா" என்பதற்கும் அச்சொல்லே மூலமாகும்.

வரலாறு

தேயிலையைப் பொடித்து வெந்நீரில் கலக்கிப் பருகும் வழக்கம் சீனாவில் சொங் மரபினர் காலத்தில் (960–1279) சிறப்புற்றிருந்தது. 1191 ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவி இவ்வழக்கத்தைச் சப்பானில் பரப்பினார். பிற்காலத்தில் சீனாவில் இது அருகியது; சப்பானில் நிலைபெற்றது. 16 ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியூ (1522–1591) தேநீர்ச் சடங்கை எளிமையும் அமைதியும் கொண்டதாக வகுத்தார்.

கியோத்தோவுக்குத் தெற்கே உள்ள ஊஜி நகரம் மட்சாவுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள கன்பயாசி குடும்பத்தினர் தொக்குகாவா ஆட்சியாளர்களுக்குத் தேயிலை வழங்கும் பொறுப்பைப் பெற்றிருந்தனர். 17 ஆம் நூற்றாண்டு முதல் தேயிலைச் சாடிகள் ஆண்டுதோறும் ஊர்வலமாக எடோ (இன்றைய தோக்கியோ) நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஊஜியில் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய மருக்கியூ கொயமாயென், கியோத்தோவில் 1717 இல் தொடங்கிய இப்போதோ ஆகிய நிறுவனங்கள் இன்றும் இயங்கி வருகின்றன. பல தோட்டங்களின் இலைகளைச் சுவைத்துப் பார்த்து, ஆண்டுதோறும் ஒரே சுவை அமையுமாறு கலப்பதே இத்தகைய நிறுவனங்களின் முதன்மையான திறனாகும்.

தயாரிப்பு

அறுவடைக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர் தோட்டத்தின் மேல் பந்தலிட்டு வெயில் மறைக்கப்படுகின்றது. மரபு முறையில் இதற்கு நாணல் தட்டிகளும் வைக்கோலும் பயன்படுகின்றன. இன்று பெரும்பாலும் கருநிறச் செயற்கை வலைகள் பயன்படுத்தப்படுகின்றன. வெயில் குறைவதால் இலையில் பச்சையம் மிகுகின்றது. இன்சுவை தரும் தியனைன், துவர்ப்புத் தரும் கட்டெச்சின்களாக மாறுவதும் குறைகின்றது.

மே மாத அளவில் பறிக்கப்படும் இளந்தளிர்கள் உடனே ஆவியில் அவிக்கப்படுகின்றன. கருந்தேயிலையைப் போல் இவை சுருட்டப்படுவதோ நொதிக்க விடப்படுவதோ இல்லை. உலர்த்தியபின் காம்பும் நரம்பும் நீக்கப்படுகின்றன. எஞ்சும் இலைத்துணுக்குகள் தெஞ்சா எனப்படும். இவற்றை அரைக்கும் கருங்கல் திருகை ஒரு மணி நேரத்தில் சுமார் 40 கிராம் தூளையே தரும். விரைந்து சுழற்றினால் வெப்பம் உண்டாகி மணம் கெடும்.

பருகும் முறை

ஏறத்தாழ 2 கிராம் தூளைச் சலித்துக் கிண்ணத்திலிட்டு, கொதிநிலைக்குக் கீழான வெந்நீர் சுமார் 70 மில்லிலீட்டர் ஊற்றி, மூங்கில் துடைப்பானால் நுரை எழ அடிப்பர். இது "உசுச்சா" (மெல்லிய தேநீர்) எனப்படும். தூளைக் கூட்டி, நீரைக் குறைத்து, விழுதுபோலக் குழைத்தால் அது "கொய்ச்சா" (கெட்டித் தேநீர்) ஆகும். கசப்பு மேலோங்காத உயர்ந்த தூளே கொய்ச்சாவுக்கு ஏற்றது.

"சடங்குத் தரம்" என்னும் பெயர்

பன்னாட்டுச் சந்தையில் மட்சா "சடங்குத் தரம்", "சமையல் தரம்" எனப் பிரித்து விற்கப்படுகின்றது. இப்பிரிவுகளுக்குச் சப்பானில் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. எனவே உறையிலுள்ள இச்சொல் மட்டுமே தரத்துக்குச் சான்றாகாது. விளைந்த இடம், நிழலிட்ட முறை, பறித்த பருவம், அரைத்த முறை ஆகியவற்றைக் கொண்டே தரத்தை அறிய இயலும். நல்ல மட்சா ஒளிர்பச்சை நிறமுடையது. மஞ்சள் அல்லது பழுப்பு கலந்த நிறம் முதிர்ந்த இலையையோ பழைய தூளையோ குறிக்கலாம்.

2024 இல் உலகளாவிய தேவை பெருகியபோது மேற்கூறிய நிறுவனங்கள் உட்படச் சில தயாரிப்பாளர்கள் விற்பனைக்கு வரம்பு விதித்தனர். புதிதாக நடப்படும் தேயிலைச் செடி முழுப் பயன் தரச் சில ஆண்டுகள் ஆகும்; திருகையின் வேகத்தையும் கூட்ட இயலாது. ஆகவே தேவை உயரும் வேகத்தில் உயர்தர மட்சாவின் உற்பத்தியைப் பெருக்குவது கடினமாகும்.