புதன் இரவு 11.59

வீட்டிலிருந்தே கல்லூரி – 6

“சித்தப்பா, அசைன்மென்ட்டுல இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. மொத்தம் அம்பத்திரண்டு வருது. ஆனா சர்டிபிகேட் கிடையாதாம். எப்படி?”

அண்ணன் மகன்தான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இணையவழிப் பாடங்கள் நடத்தும் என்பிடெல்லில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்திருந்தான். அவன் கேட்ட ‘எப்படி’க்குப் பதில்தான் இந்த வாரம்.

என்பிடெல்லில் நூறு மார்க்கில் இருபத்தைந்து வீட்டுப் பாடத்துக்கு, எழுபத்தைந்து தேர்வுக்கு. பன்னிரண்டு வாரப் பாடமென்றால் நன்றாகச் செய்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். எட்டு வாரப் பாடத்தில் ஆறு, நான்கு வாரப் பாடத்தில் மூன்று. காய்ச்சலில் படுத்தாலும், ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் குடி முழுகிவிடாது. கெடு பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு.

இந்தத் தாராளத்தில்தான் பையன்கள் வழுக்கி விழுகிறார்கள். புதன் இரவு பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு ஹாஸ்டலுக்குப் போய்ப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘1-பி, 2-டி, 3-ஏ’ என்று விடைகள் வரிசையாக வந்து விழும். யூடியூபிலும் வாராவாரம் விடை சொல்ல ஆள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வீடியோவை யார் பார்க்கிறார்கள்? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணும் கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு என்பேன்.

தேர்வுக்கு வாட்ஸ்அப் வராது. ஹால் டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையுமாக மையத்துக்குப் போய், கண்காணிப்பாளர் முன்னால் கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம் எழுத வேண்டும். நம்மவன் வாங்கியது எழுபத்தைந்துக்கு இருபத்தேழு.

மொத்தம் நாற்பது வந்தால் போதும் என்று நினைத்திருக்கிறான். அசைன்மென்ட்டில் குறைந்தது பத்து, தேர்வில் குறைந்தது முப்பது, இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் கூட்டுத்தொகைக்கு மதிப்பில்லை. இந்த விதி எனக்குச் சரியென்றே படுகிறது. கல்லூரிப் படிப்பின் கிரெடிட்டில் நாற்பது சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் தளத்தின் பாடங்கள் மூலம் பெறலாம் என்று 2021-ல் யுஜிசி சொல்லிவிட்ட பிறகு, காப்பியடித்த இருபத்தைந்தை மட்டும் நம்பிக் கிரெடிட் கொடுக்க முடியுமா?

“ஒரு கணக்கு ஆறாவது வாரத்துல வந்ததுதான் சித்தப்பா. நம்பரை மட்டும் மாத்திட்டாங்க. அப்போ விடை ‘பி’ன்னு ஞாபகம் இருக்கு. ஏன் ‘பி’ன்னுதான் தெரியல.”

திட்டவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னேன், ஜனவரியில் எடுக்கிறானாம்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று. பாடத்தில் சேர்ந்துவிட்டாலே தேர்வுக்குப் பதிந்ததாகிவிடாது. பாடம் இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிந்து, கட்டணம் கட்டி, ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கெடு முடிந்துவிடும். தேதியை இன்றே பார்த்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

(தொடரும்)