பூனையின் கல்லீரலும் கேளா ஒலியும்



வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டுவதில்லை. பூனையோ அதனைப்போல் மும்மடங்கு அதிர்வுடைய ஒலியையும் கேட்கும். ஆயினும் அதன் வயிற்றை ஆராய மருத்துவர் செலுத்தும் ஒலி அதற்கும் கேளாதது. வினாடிக்குப் பல பத்து இலட்சம் அதிர்வுகள் கொண்டது. இடையில் காற்று இருந்தால் இவ்வொலி உள்ளே செல்லாது. ஆதலால் வயிற்று மயிரை மழித்துக் களிம்பு தடவிய பின்னரே கருவியை வைக்கின்றனர்.

உடலின் மென்மையான பகுதிகளில் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் செல்லும். 3 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகும்? போய்வரும் தொலைவு 6 சென்டிமீட்டர் என்பதை மறவாமல் கணக்கிடுங்கள். (ஓய்வு பெற்ற பின்னும் கணக்குக் கொடுக்கும் வழக்கம் என்னை விடவில்லை.) ஒரு வினாடியை இலட்சம் கூறாக்கினால் அதில் நான்கு கூறுகூட ஆகாது. இவ்வாறு திரும்பும் எதிரொலிகளைக் கொண்டே கருவி படம் வரைகிறது.

இரண்டு பூனைகளை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் உணவை வெறுத்துவிட்டன. இரண்டிற்கும் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சள் பூத்துள்ளன. புறத்தோற்றத்தில் வேறுபாடே இல்லை. ஒன்றின் படத்தில் கல்லீரல் பருத்து, அருகிலுள்ள கொழுப்பைவிட வெண்மையாகத் தெரிகிறது. கொழுத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு பெயர்ந்து கல்லீரலில் தேங்கும். அதற்குத் தலையாய மருந்து உணவே. குழாய் வழியாகவேனும் ஊட்டியாக வேண்டும். மற்றதன் படத்தில் பித்தநாளம் அகன்றிருக்கிறது. நலமுள்ள பூனையில் அது பொதுவாக 4 மில்லிமீட்டருக்கு மேற்படாது; 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அடைப்பு என ஐயுறுவர். கல்லோ, கட்டியோ, கணையத்தின் வீக்கமோ வழியை மறித்திருக்கலாம். இப்பூனைக்கு அறுவை மருத்துவமே தேவைப்படலாம். இவ்விரண்டையும் மாற்றிக் கருதினால் உயிருக்கே கேடு.

எனினும் படத்தையே முற்றும் நம்புதல் தகாது. பித்தநாள அழற்சியுள்ள பூனையிலும் கல்லீரல் இயல்பாகவே தோன்றுவதுண்டு. பித்தப்பை இரு பிளவாகத் தெரிவதும் சில பூனைகளின் இயற்கையே, நோயன்று. ஆகவே படத்தைப் பார்த்தபடியே நுண்ணிய ஊசியைச் செலுத்திச் சிறிது அணுக்களையோ பித்தநீரையோ எடுத்து ஆராய்கின்றனர். இதிலும் ஓர் இடர் உண்டு. பித்தநீர் குடலுக்கு வாராவிடில் கொழுப்பு செரியாது. கொழுப்போடு சேர்ந்து உட்கொள்ளப்படும் வைட்டமின் கே உடலில் குறையும். இரத்தம் எளிதில் உறையாது. எனவே ஊசியை எடுக்குமுன் இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்து, குறை இருப்பின் அவ்வைட்டமினை முதலில் செலுத்துகின்றனர்.