டோல்கேட்டில் பதிவாகும் நமது சரக்கு

சென்னையிலிருந்து எண்ணெய் டின்னும் சோப்புப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் புதுவை வந்து சேரும் லாரி, பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி டோல்கேட்டுகளில் காசு எடுத்து நீட்டுவதில்லை. முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் சீட்டே கணக்கை முடித்துவிடுகிறது. இதற்கும் நமது கடைக்கும் உள்ள சம்பந்தத்தை வணிகப் பெருமக்கள் அறிந்திருத்தல் நலம்.

அந்தச் சீட்டில் பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சிறு சில்லும் மெல்லிய ஆன்டெனாவும் மட்டுமே. டோல்கேட்டின் மேலே பொருத்திய கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே கொஞ்சம் சக்தியைப் பெற்று, தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்த எண்ணை வைத்துக் கணக்கில் பணம் கழிகிறது. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நான்கு சக்கர வாகனங்களுக்கு இது கட்டாயம்.

இது வாகனம் ரோட்டோரக் கருவியுடன் பேசுவது. வாகனமும் வாகனமும் நேரடியாகப் பேசிக்கொள்வது அடுத்த படி. ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், பிரேக் போட்ட செய்தி ஆகியவற்றை நொடிக்குச் சுமார் பத்து முறை காற்றலையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். சில நூறு மீட்டருக்குள் வரும் வண்டிகள் அதை வாங்கிக்கொள்ளும். செல்போன் டவர் வேண்டியதில்லை. முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், டிரைவர் கண்ணால் காணுமுன் எச்சரிக்கை ஒலிக்கும். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 2015லேயே இவ்வசதியுள்ள கார்களை விற்கத் தொடங்கியது. ஆனால் இரு வண்டியிலும் கருவி இருந்தால்தான் பேச்சு நடக்கும். நமது சரக்கு லாரிகளுக்கு இன்று வாய்த்திருப்பது சீட்டுதான்.

அந்தச் சீட்டையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். 2021 ஜனவரி முதல் ஃபாஸ்டேக் பதிவுகள் இ-வே பில்லுடன் இணைக்கப்பட்டுள்ளன. எந்த லாரி எந்த டோல்கேட்டை எப்போது கடந்தது என்பது ஜி.எஸ்.டி. அதிகாரிகளின் பார்வைக்குப் போகிறது. ஒரே பில்லில் இரண்டு நடை அடிப்பது, லாரி நகராமலே பில் போடுவது எல்லாம் தெரிந்துவிடும். இதில் நமக்கு வருத்தமில்லை. போலிப் பில்காரரோடு விலையில் போட்டியிட முடியாமல் தவித்தவர்கள் நாம்தானே!

ஆனால் நேர்மையானவரும் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. திண்டிவனம் அருகே லாரி பழுதாகிறது. சரக்கை வேறு லாரிக்கு மாற்றுகிறார்கள். பில்லின் 'பி' பகுதியில் புதிய லாரியின் எண்ணைப் பதியாமல் புறப்பட்டால், பில்லில் ஒரு வண்டி, டோல்கேட்டில் வேறு வண்டி என்றாகிவிடும். வரியுள்ள சரக்கு பிடிபட்டால், உரிமையாளரே முன்வந்து கட்டினாலும் வரியைப்போல் இருமடங்கு அபராதம். 200 கி.மீ. வரை பில்லுக்கு ஒரு நாள்தான் கெடு. தாமதமானால், கெடு முடிவதற்கு முன் எட்டு மணி நேரத்திலோ பின் எட்டு மணி நேரத்திலோ நீட்டித்துக்கொள்ளலாம். டிரைவர் உடனே போன் செய்யும்படி சொல்லி வையுங்கள்.

புதுவைக்காரர்களுக்கு இன்னொன்று. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். கூப்பிடு தூரம்தான், டோல்கேட்டும் இல்லை. ஆனால் அது தமிழ்நாடு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரியுள்ள சரக்கை டெம்போவில் அனுப்பினால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே அனுப்புவோருக்கு உள்ள ஒரு லட்ச ரூபாய் வரம்பு நமக்குப் பொருந்தாது. மோட்டார் இல்லாத கைவண்டியில் தள்ளிக்கொண்டு போனால் மட்டும் விலக்கு உண்டு.