எதிரணிக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு

தனது கொள்முதல் விலையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லும் வியாபாரியைப் புறக்கோட்டை முழுக்கத் தேடினாலும் காண்பது அரிது. ஆனால் 10 இலட்சம் டொலர் பரிசுக்காகப் போட்டியிட்ட கணினி நிரலாளர்கள் தமது தொழில் நுட்பத்தை எதிரணியினருக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் கம்பனி அக்காலத்தில் திரைப்பட டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பி வந்தது. எவருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று கணிக்க அதனிடம் ஒரு மென்பொருள் இருந்தது. அதைவிட 10 சதவீதம் திருத்தமாகக் கணிப்போருக்கே பரிசு என 2006 ஒக்டோபரில் அது அறிவித்தது. (படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்பதல்ல இங்கு பேச்சு, கணக்குத்தான்.) சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் பேர் 17,770 படங்களுக்கு இட்ட 10 கோடிப் புள்ளிகள் போட்டியாளரிடம் கொடுக்கப்பட்டன.

அதே டிசம்பரில், சைமன் பங்க் என்ற புனைபெயரில் முன்வரிசைக்கு வந்திருந்த ஒருவர் தனது வழியைப் பகிரங்கப்படுத்தினார். படத்துக்குச் சில குணங்கள். பார்ப்பவருக்கு அக்குணங்களில் கூடவோ குறையவோ விருப்பம். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் புள்ளி வரும். குணங்கள் எவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கணிப்புப் பிழைக்கும் ஒவ்வொரு தடவையும் எண்களைச் சற்றுத் திருத்தித் திருத்திக் கணினியே கண்டுகொள்ளும். கடைக்குள் ஏறும் வாடிக்கையாளரைப் பார்த்ததும் எந்தச் சாரியை எடுத்துப் போடுவது என்று எமது புடைவைக் கடை முதலாளிமார் மனதில் போடுவதும் ஏறத்தாழ இக்கணக்கே.

பல அணிகள் அதை எடுத்துத் தமது நிரலில் வைத்துப் பார்த்தன, திருத்தின. கம்பனியும் கெட்டிக்காரத்தனமாக ஒரு நிபந்தனை வைத்திருந்தது: ஆண்டுதோறும் வழங்கும் 50,000 டொலர் இடைப்பரிசைப் பெறுபவர் தனது முறையை எழுதி வெளியிட வேண்டும். 2007இல் அதைப் பெற்ற பெல்கோர் அணி 8.43 சதவீதத்தைத் தொட்டிருந்தது. எஞ்சிய சிறு தூரத்துக்கு மேலும் இரண்டு வருடங்கள் பிடித்தன. போட்டியாளர்களே கூட்டுச் சேர்ந்தார்கள். 2009 ஜூலையில் இரண்டு கூட்டணிகள் 10.06 என்ற ஒரே பெறுபேற்றில் நின்றன. 20 நிமிடம் முந்திக் கொடுத்த பெல்கோரின் கூட்டணிக்கே பரிசு கிடைத்தது.

பரிசு வென்ற அந்தப் பெரிய நிரலைக் கம்பனி முழுமையாகப் பாவிக்கவே இல்லை. கிடைக்கும் சிறு திருத்தத்துக்கு அதை நடைமுறைப்படுத்தும் வேலை கட்டுப்படியாகாது என்பது அதன் கணக்கு. முதல் வருட வெற்றியிலிருந்து இரண்டு முறைகளை மட்டும் எடுத்துக் கொண்டது. அவற்றில் ஒன்று, பங்க் இனாமாகச் சொல்லிக் கொடுத்த அதே வகைக் கணக்கு.